சேர்க்கையும் ஒன்றுதலும்

(நம் சங்கத்தின் கோட்டுச்சேரிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் நிலையைக் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அவர்கட்கு எம் நன்றி உரியதாகுக.

நம் முன்னோர் காலத்தில் உயர்கல்வி விரும்பினோர் ஊரைவிட்டு நெடுந்தொலை செல்லவேண்டியிருந்தது. இன்றோ காரைக்காலில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு கலைக்கல்லூரியும், ஒளவையார் பெயரால் மகளிர் கல்லூரியும், 1987ஆம் ஆண்டு தோன்றிய வேளாண்மைக் கல்லூரியும் உள. நமக்கு அணித்தாகிய திருவேட்டக்குடியில், 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியத் தொழில்நுட்பக் கழகம் நடைபெறுகின்றது. கல்வியின் வாயில் நம் வீட்டருகே வந்துவிட்டது. ஆயினும், உள்ளே புகுந்தார் அனைவரும் அங்கே நிலைபெறுவர் என்று எண்ணிவிடலாகாது. இடம் பெறுதல் சேர்க்கை. ‘இஃது எம் கல்லூரி’ என்று மாணாக்கன் உள்ளம் உரிமை கொள்ளுதல் ஒன்றுதல். முன்னது ஒருநாளில் முடிவது; பின்னது பலரும் கூடிச் செய்யவேண்டுவது.

தமிழ் வாயிலாகப் பயின்று சென்ற நம் மாணாக்கன், அங்கே ஆங்கிலத்தில் பாடங் கேட்கின்றான். ஐயம் எழுந்தால் வினவ அஞ்சுகின்றான். கல்லூரி நடைமுறை அறிந்தார் வீட்டில் ஒருவரும் இலர். ஒருநாள் செல்லாதொழிகின்றான், அஃது ஒரு கிழமையாகின்றது, பின்னர் ஓர் ஆண்டே வீணாகின்றது. உலகமோ அவனை மந்தன் என்கின்றது. அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ, மாணாக்கர் கல்லூரியை இடையில் விடுவது ஏன் என்று ஆராய்ந்து 1975ஆம் ஆண்டு ஒரு கொள்கை வெளியிட்டார். அறிவுக்குறையும் பொருட்குறையும் மட்டுமே காரணமாகா. கல்லூரியின் கல்வி வாழ்விலும் கூட்டுறவு வாழ்விலும் மாணாக்கன் பிணைப்புண்டானா என்பதும் அதனைத் துணிவிக்கும் என்பது அவர் கருத்து.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டார் அதற்குப் பல்லாண்டுகட்கு முன்பே பட்டறிவால் உணர்ந்தனர். சென்னைக்குப் படிக்கச் சென்ற பிராமணரல்லாத மாணாக்கர்க்குத் தங்கி உண்ண இடங் கிடைப்பது அரிதாயிருந்தது. கல்லூரியில் இடமிருந்தும் ஊரில் இடமில்லாத அவ்விளைஞர்க்காக, மருத்துவராகிய டாக்டர் சி. நடேச முதலியார் 1916ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ அமைத்தார். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராய் விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய டி. எம். நாராயணசாமி பிள்ளையும் அவ்வில்லத்தின் ஆதரவு பெற்றவரே. அதே 1916ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகட்காகச் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விச்சாலை கண்டார். அவ்விருவரும் கல்வியோடு, ‘நீ இங்கே உரியவன்’ என்னும் சொல்லையும் அப்பிள்ளைகட்கு அளித்தனர்.

இனி, நாம் செய்யத்தக்கன யாவை? மூன்று கூறுகின்றோம்.

முதலாவது, முதலாண்டு மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும், முன்னரே கல்லூரியிற் பயிலும் ஒருவரைச் சங்கம் துணையாக அமைத்தல் வேண்டும். அவர் பொங்கல் வரையிலேனும் வாரந்தோறும் கண்டு நலம் வினவுக.

இரண்டாவது, பெற்றோர் கடன். ‘எத்தனை மதிப்பெண்?’ என்று மட்டும் கேளாது, ‘எந்த ஆசிரியர் உன் பெயர் அறிவார்? யாரோடு அமர்ந்து உண்டாய்?’ என்றும் கேளுங்கள். பெண்மக்களை மணியடித்தவுடன் வீடு திரும்புமாறு கட்டளையிடுகின்றோம். நூலகத்திலும் தமிழ் மன்றத்திலும் கழியும் ஒருமணி நேரமே கல்லூரியை அவர்கட்குச் சொந்தமாக்குவது. அதனை மறுத்தல் தகாது.

மூன்றாவது, சங்கத்தின் உதவித்தொகை பற்றியது. ஒரு பாடத்தில் தவறினார்க்கு உதவியை நிறுத்துவது நம் வழக்கமாயுள்ளது. நோயாளி மெலிந்தான் என்று கஞ்சியை நிறுத்துவாருண்டோ? தவறிய காலத்திலேயே துணை மிகுதியும் வேண்டும். இவ்வழக்கத்தை வருகின்ற பொதுக்கூட்டத்தில் மாற்றுமாறு பெரியோர்களை வணங்கிக் கேட்டுக்கொள்கின்றோம்.

இன்னுமொன்று. நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மட்டுமே கூடியிருத்தல் ஒன்றுதலாகாது. திருவல்லிக்கேணியிலும் சிதம்பரத்திலும் தனியிடங்கள் தோன்றியது, பிறர் இடந்தராமையால். பிறர் நமக்குச் செய்யின் வருந்தும் அதனை நாம் பிறர்க்குச் செய்தல் அறமன்று. ஆதலின், நம் சங்கக் கட்டடத்தில் மாலைப் படிப்பகம் அமையுமாயின், எவ்வகுப்பினராயினும் ஊர்ப்பிள்ளை அனைவர்க்கும் அது திறந்திருத்தல் வேண்டும். அங்கே நம் மகன் அருகே அமர்ந்து படிப்பவனே, நாளை கல்லூரியில் அவனுக்குத் தோழனாவான்.

இவற்றுள் முதலிரண்டிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும். ஏனையவற்றிற்குச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். இக்கல்வியாண்டு முடியுமுன் அவை நிறைவேறுமென நம்பி அமைகின்றோம்.