திரையின் புள்ளியும் படத்தின் புள்ளியும்



தொலைக்காட்சிப் பெட்டி வாங்கக் கடைக்குச் செல்லும் ஒருவரின் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் ஓர் எண்ணே. 720 என்றும், 1080 என்றும், 4கே என்றும் பெட்டியின் முகப்பிலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீடியோ விளையாட்டுப் பொறிகளை விற்பவரும் இவ்வெண்களையே எடுத்துக் கூறுவர். எண் பெரிதானால் படமும் அந்த அளவுக்குத் தெளிவாகும் என்பது பொதுவான நம்பிக்கை. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் சேமிப்பிலிருந்து எடுத்து வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆயினும், அந்த எண் எதனுடைய எண் என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியை எழுப்பி, அதற்குரிய விடையை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

எண்ணின் பொருளை முதலிற் பார்ப்போம். இன்றைய தட்டைத் திரை நுண்ணிய புள்ளிகளால் ஆனது. சதுரத் தாளிலே கட்டங்கள் அமைந்திருப்பது போல இப்புள்ளிகள் நிரை நிரையாக அமைந்துள்ளன. கடைக்காரர் இவற்றைப் பிக்சல் என்பர். நாம் படப்புள்ளி என்போம். 720 என்று சொல்லும்போது, ஒரு நிரைக்கு 1280 புள்ளிகளாக 720 நிரைகள் கருதப்படுகின்றன. பெருக்கிப் பார்த்தால் 921,600 புள்ளிகள். 1080 என்பது 1920 பெருக்கல் 1080. அதாவது 2,073,600 புள்ளிகள். 4கே என்பது 3840 பெருக்கல் 2160; ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். இப்புள்ளிகளின் எண்ணிக்கையையே பிரிதிறன் என்கிறோம்.

இலங்கையிலே தொலைக்காட்சி தொடங்கிய 1979 ஆம் ஆண்டிலே வீடுகளுக்கு வந்த பெட்டிகள் கண்ணாடிக் குழாயால் ஆனவை. அவற்றிலே இலத்திரன் கற்றையொன்று 625 கோட்டு முறைப்படி படத்தைக் கோடு கோடாக வரைந்தது. கோட்டின் நீளத்திலே இத்தனை புள்ளிகள் தாம் என்ற கண்டிப்பான கணக்கு அங்கே இருக்கவில்லை. தட்டைத் திரையின் இயல்பு வேறு. அதன் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணி அமைக்கப்பட்டவை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வருகின்ற படத்தில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும், அதனைத் தன் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ காட்டுவதைத் தவிரத் திரைக்கு வேறு வழியில்லை.

இங்கே திரைப்படத்துக்கும் வீடியோ விளையாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். திரைப்படம் முன்னரே எடுத்து முடிக்கப்பட்டது. பெட்டி அதனைக் காட்டினாற் போதும். விளையாட்டிலோ படம் முன்கூட்டி இருப்பதில்லை. பிள்ளை விசையை அழுத்தும் அந்தக் கணத்திலேதான் பொறி அதனை வரைகின்றது. எந்தப் பொருள் முன்னே நிற்கிறது, ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது, நிழல் எங்கே படிகிறது என்பவற்றையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கணிக்கவேண்டும். ஒரு செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் செக்கனின் அறுபதில் ஒரு பங்கு. 1080 பிரிதிறனிலே செக்கனுக்குப் பன்னிரண்டு கோடியே நாற்பத்துநான்கு இலட்சம் புள்ளிகளைப் பொறி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பொறியின் வலிமைக்கோ எல்லையுண்டு. ஆகவே விளையாட்டை அமைப்போர் ஒன்றைப் பெற ஒன்றை விடுகின்றனர். ஒளியும் நிழலும் சிறப்பாக அமையவேண்டும், அசைவும் தடங்கலின்றி ஓடவேண்டும் என்று விரும்பினால், வரையும் புள்ளிகளைக் குறைக்கின்றனர். குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைப் பின்னர் திரையின் அளவுக்குப் பெருக்கி அனுப்புகின்றனர். ஆகவே, பெட்டியின் மேல் உள்ள எண் திரையினுடையது. பொறி வரைந்த படத்தின் எண் வேறாக இருக்கலாம்.

பெருக்குதல் என்பது யாது? பாடசாலையிலே மாணவர் தேசப்படம் வரைவதை எண்ணிப் பாருங்கள். சிறிய படத்தின்மேல் சதுரங்களைக் கீறி, பெரிய தாளிலே பெரிய சதுரங்களைக் கீறி, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவர். படம் பெரிதாகும், ஆயினும் சிறிய படத்திலே குறிக்கப்படாத ஒரு குளமோ, ஒரு கிராமமோ பெரிய படத்திலே புதிதாகத் தோன்றிவிடாது. கரையோரத்தின் சிறு வளைவுகள் மூலத்திலே இல்லையாயின், மாணவன் அவ்விடத்தை ஊகித்தே வரைவான். திரையிலே நடப்பதும் இதுவே.

ஊகிக்கும் முறைகள் பல. மிக எளிய முறை, அருகிலுள்ள புள்ளியின் நிறத்தை அப்படியே எடுத்து வைப்பது. அதனால் சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுப் போலாகும். இரண்டாவது முறை, சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் நிறங்களைத் தூரத்துக்கேற்பக் கலந்து வைப்பது. படிக்கட்டு மறையும், ஆனால் படம் மங்கும். லாங்சோஸ் என்னும் ஹங்கேரியக் கணிதவியலாளரின் பெயரால் வழங்கும் முறையோ இன்னும் பல புள்ளிகளைப் பார்த்து நிறையிட்டுக் கணிக்கும். விளிம்பு கூர்மையாகும், அதனருகே மெல்லிய வெண்கோடு போன்ற பொய்த் தோற்றமும் சிலவேளை எழும். விகிதமும் முக்கியமானது. 1080 படத்தை 4கே திரைக்குக் கொண்டுசெல்லும்போது ஒவ்வொரு திசையிலும் சரியாக இரண்டு மடங்கு, கணக்கு எளிது. 720 படத்தை 1080 திரைக்குக் கொண்டுசெல்லும்போதோ ஒன்றரை மடங்கு. இரண்டு புள்ளிகளை மூன்று இடங்களுக்குப் பங்கிட வேண்டியிருப்பதால் மங்கல் தவிர்க்க முடியாததாகிறது.

இனி நடந்த சில செய்திகளைப் பார்ப்போம். மைக்ரோசொப்ட் கம்பனியின் எக்ஸ்பொக்ஸ் 360 என்ற பொறி 2005 ஆம் ஆண்டிலும், சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் 3 என்ற பொறி 2006 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. உயர் பிரிதிறன் யுகம் பிறந்துவிட்டது என்று அப்போது விளம்பரங்கள் முழங்கின. 2007 ஆம் ஆண்டிலே ஹேலோ 3 என்ற விளையாட்டு வந்தது. திரைக்குச் சென்ற படம் 720 ஆக இருப்பினும், பொறி வரைந்தது 1152 பெருக்கல் 640 புள்ளிகளே. அதாவது ஐந்தில் நான்கு பங்கு. ஒளிமிக்க பகுதிகளும் இருண்ட பகுதிகளும் ஒருங்கே நன்கு தெரியும் பொருட்டுப் படத்தை இரண்டாகச் சேமித்து ஒன்றாக்கியதே இதற்குக் காரணம் என அதனை அமைத்தவர்கள் வெளிப்படையாக விளக்கினர். அதே ஆண்டில் வந்த கோல் ஒஃப் டியூட்டி 4 வரைந்தது 1024 பெருக்கல் 600. மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் குறைவினால் அது பெற்ற பயன், செக்கனுக்கு 60 படங்கள் என்ற வேகம்.

இவ்வெண்களை வெளியார் எவ்வாறு கண்டுபிடித்தனர் என்பது கணிதம் கற்பிப்போருக்குச் சுவையான விஷயம். ஓடும் விளையாட்டிலிருந்து ஒரு படத்தை நிறுத்தி எடுத்து, அதிலே சாய்வான விளிம்பொன்றைத் தேடுவர். அவ்விளிம்பிலே படிக்கட்டுப் போன்ற பற்கள் தெரியும். திரையின் 90 நிரைகளுக்குள் 90 பற்கள் இருந்தால், வரைந்ததும் காட்டுவதும் ஒன்றே. 90 நிரைகளுக்குள் 80 பற்களே இருந்தால், 720 ஐ 80 ஆற் பெருக்கி 90 ஆல் வகுக்கவேண்டும், 640 வருகின்றது. விகிதசமம் படித்த மாணவன் எவனும் செய்யத்தக்க கணக்கு இது.

வேறொரு வகையும் உண்டு. 2010 ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 3 இற்கு வந்த கிரான் டூரிஸ்மோ 5 என்ற காரோட்ட விளையாட்டு, 1080 அமைப்பிலே 1280 பெருக்கல் 1080 புள்ளிகளை வரைந்தது. நிரைகள் 1080 உள்ளன. ஆகவே எண் பொய்யன்று. ஆனால் ஒவ்வொரு நிரையிலும் 1920 இருக்கவேண்டிய இடத்தில் 1280 தான். மெய்யான எண்ணாலும் முழுமையற்ற செய்தியைக் கூற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இப்பிரச்சினை நீதிமன்றத்துக்கும் சென்றதுண்டு. 2013 ஆம் ஆண்டின் இறுதியில் பிளேஸ்டேஷன் 4 உடன் கில்ஸோன்: ஷாடோ ஃபோல் என்ற விளையாட்டு 1080 என்ற விளம்பரத்தோடு வந்தது. பலர் கூடி ஆடும் பகுதியிலே பொறி ஒவ்வொரு முறையும் 960 பெருக்கல் 1080 புள்ளிகளையே, அதாவது பாதியையே, புதிதாக வரைகிறது என்பது 2014 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே ஒருவர் வழக்குத் தொடுத்தார். விளையாட்டை அமைத்தவர்கள் கூறிய விளக்கம் கவனிக்கத்தக்கது. மற்றப் பாதி அயற்புள்ளிகளைப் பார்த்து ஊகித்ததன்று. சற்று முன்னர் வரைந்த படங்களிலிருந்து, பொருள்களின் அசைவைக் கணக்கிட்டு எடுத்து வைத்தது என்றனர்.

இவ்விளக்கத்திலே உண்மையுண்டு. தேசப்படம் வரையும் மாணவன் சிறிய படமொன்றையே பார்த்து ஊகிப்பது ஒரு வகை. அதே இடத்தை முன்னர் வேறு கோணத்தில் வரைந்த படங்களையும் அருகில் வைத்துக்கொண்டு வரைவது மற்றொரு வகை. பின்னதிலே அவனிடம் மெய்யாகவே கூடுதலான அறிவு இருக்கிறது. 2016 ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ, சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டொன்றாகப் பாதிப் புள்ளிகளை வரைந்து, மறுபாதியை முந்திய படத்தின் துணைகொண்டு நிரப்பும் முறையைக் கையாண்டது. என்விடியா கம்பனி 2018 இல் அறிமுகம் செய்து 2020 இல் திருத்தியமைத்த டி.எல்.எஸ்.எஸ். என்ற முறையிலே, முன்கூட்டிப் பயிற்றப்பட்ட கணினி வலையமைப்பொன்று இவ்வேலையைச் செய்கிறது. அதன் ஓர் அமைப்பிலே 4கே திரைக்கு 1080 படமே வரையப்படுகிறது. நான்கு புள்ளிகளில் ஒன்று வரைந்தது, மூன்று நிரப்பியவை. படம் அசையாது நிற்கும்போது வேறுபாடு காண்பது அரிது. மெல்லிய கம்பிகள், மழைத் தாரைகள், விரைந்தோடும் உருவங்கள் ஆகியவற்றிலே மட்டும் சிலவேளை நிழல் போன்ற தடம் தெரியும்.

ஆகவே, நிரப்புதலை மோசடி என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. எல்லைக்குட்பட்ட வலிமையைக் கொண்டு நல்ல படம் தருவதற்கு அறிவாளர் கண்ட வழி அது. குறை யாதெனில், வரைந்தது எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு என்பதைச் சொல்லாமல், திரையின் எண்ணைப் படத்தின் எண்ணாகக் காட்டி விலை பேசுவதே. அரிசியிலே கல்லைக் கலந்து விற்றலும், இருவகை அரிசியைக் கலந்து அதனைச் சொல்லி விற்றலும் ஒன்றாகுமா?

பெற்றோர் பயன்பெறத்தக்க சில விஷயங்களைக் கூறி முடிக்கின்றேன். தொலைக்காட்சிப் பெட்டியும் தனக்குள்ளே படத்தைப் பெருக்கும் கருவியைக் கொண்டது. பொறி ஒருமுறையும் பெட்டி மறுமுறையும் பெருக்கினால் மங்கல் இரட்டிக்கும். ஆதலால் பொறியிலிருந்து வெளிவரும் பிரிதிறனைத் திரைக்கு இயல்பான பிரிதிறனுக்குச் சமமாக அமைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டி, எஞ்சியதைப் பெரிதாக்கும் பழைய வழக்கம் சில பெட்டிகளில் இன்னும் உண்டு, அதனை நிறுத்திவிடலாம். பெட்டி படத்தைத் திருத்துவதற்கு எடுக்கும் நேரத்தால், விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தோன்றுவதற்கும் இடையே தாமதம் நேரும். விளையாட்டுக்கென்று பெட்டியிலுள்ள அமைப்பைத் தெரிவு செய்தால் அத்தாமதம் குறையும். 1366 பெருக்கல் 768 புள்ளிகள் கொண்ட திரைக்கு 720 உம் சரியாகப் பொருந்தாது, 1080 உம் பொருந்தாது என்பதையும் அறிந்திருங்கள்.

இருக்கும் தூரத்தையும் அளந்து பாருங்கள். 40 அங்குல 1080 திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு. நல்ல பார்வையுடைய கண்ணும் ஏறத்தாழ 1.6 மீற்றருக்கு அப்பால் அப்புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறியாது. அதற்கு அப்பாலிருந்து பார்க்கும் குடும்பம், அதே அளவான திரையிலே புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும் என்பதற்காக மட்டும் அதிக பணம் கொடுப்பது வீண்செலவாகும்.

நேயர்களே, எண்ணைக் கண்டு மயங்குதல் தொலைக்காட்சிக் கடையோடு நிற்பதன்று. பரீட்சைப் புள்ளியாயினும், விளம்பரத்தில் வரும் வீதமாயினும், "இது எதனுடைய எண்? எவ்வாறு எண்ணினார்கள்? எண்ணாத இடத்தை எதனால் நிரப்பினார்கள்?" என்று கேட்கப் பழகிய பிள்ளையை எளிதில் ஏமாற்ற முடியாது. விளையாட்டுப் பொறி கேட்டு நிற்கும் பிள்ளையை வெறுமனே கடிந்து அனுப்பாமல், திரையிலே ஒரு சாய்ந்த விளிம்பைக் காட்டி அதன் பற்களை எண்ணச் சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பின்னர் இருவருமாகவே பேசித் தீர்மானிக்கலாம்.