பிள்ளையின் பெயரை விலைக்கு விடாதீர்கள்!

(மடவார் வளாகத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே பேசியது)



இன்று கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நாம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதெல்லாம் கட்சி மேடையில் பேசுகிற விஷயமா என்று சிலர் கேட்கலாம். பேச வேண்டிய விஷயம்தான். உழைப்பவனுடைய பெயரில்கூட ஆண்டைகள் கை வைத்த தேசம் இது.

மனுதர்மத்தின் இரண்டாவது அத்தியாயம், 31-வது சுலோகம் என்ன சொல்கிறது? பிராமணனுக்கு மங்களமான பெயர். க்ஷத்திரியனுக்குப் பலத்தைக் காட்டும் பெயர். வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயர். சூத்திரனுக்கோ இழிவைக் காட்டும் பெயர்! 1927 டிசம்பர் 25-ந் தேதி மகாடில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அந்தப் புத்தகத்தைத் தீயிலிட்டார்கள். ஆனால் பழக்கம் உடனே எரிந்து போய்விடவில்லை. தகப்பன் 'கருப்பசாமி' என்று பெயர் வைத்தான். பண்ணையார் அதிலிருந்த 'சாமி'யை வெட்டி எறிந்துவிட்டு, "ஏலே கருப்பா" என்றான். அறுபது வயதுக் கிழவரையும் பண்ணையார் வீட்டுப் பொடியன் அப்படித்தான் கூப்பிட்டான்.

குப்பனும் போதும்பொண்ணும்

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரையே பாருங்கள். மடவார் என்றால் பெண்கள். இங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு பெண் பிரசவ வேதனையில் தவித்தாளாம். தாய் வந்து சேரவில்லை. சிவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தாராம். கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். கடவுளே மருத்துவச்சியாக வந்தால்தான் பிழைக்க முடியும் என்று நம் பாட்டிமார் பயந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

அந்தப் பயத்தில் பிறந்த பெயர்கள்தாம் குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாம். முன்னால் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். மட்டமான பெயர் இருந்தால் எமன் சீந்த மாட்டான் என்று எண்ணினார்கள். 2020-ம் வருஷக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அந்தப் பதின்மூன்றும் பிழைக்க வேண்டியவைதான். ஆனாலும் குழந்தை சாவு இந்த அளவுக்குக் குறைந்தது மட்டமான பெயரால் அல்ல. தடுப்பூசியாலும், சர்க்கார் ஆஸ்பத்திரியாலும், நர்சம்மாக்களின் உழைப்பாலும்தான்.

ஆகவே குப்பம்மாள் என்ற பெயருள்ள பாட்டியைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அது ஒரு தாய் பட்ட பாட்டின் சாட்சி. ஆனால் போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றும் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்களே, அதை நாம் ஒப்ப முடியாது. அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம்! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிடும்போது, 'நீ வேண்டாதவள்' என்று அந்தக் குழந்தையின் காதில் விழுகிறது. தாய்மார்களே, இந்த அநியாயத்தை எந்தப் பண்ணையாரும் வந்து செய்யவில்லை. நம் வீட்டில் நாமே செய்கிறோம். நாமே நிறுத்த வேண்டும்.

எண் கணிதக் கொள்ளை

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றியே ஒரு பதிகம் முழுவதும் பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ பிள்ளைக்கு வைக்கிறவர்களைக் கண்டிக்கிறார். நாராயணன் பெயரை வையுங்கள் என்கிறார். அவருடைய பக்தி அவரோடு. ஆனால் பெயரை விலைக்கு விடாதே என்று அவர் சொன்னதை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

இன்று அந்த விற்பனை தலைகீழாக நடக்கிறது. அன்று பெயர் வைத்தவனுக்குக் காசு கிடைத்தது. இன்று நாம் காசு கொடுத்துப் பெயர் வாங்குகிறோம். எண் கணித ஜோதிடர் பல நாள் கூலியைப் பறித்துக்கொண்டு, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். என்ன ஆகிறது? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாங்குப் புத்தகத்தில் ஒரு பெயர். நாளைக்கு அந்தப் பிள்ளை மில்லில் வேலை பார்த்து பி.எப். பணம் கேட்கும்போது, பெயர் ஒத்துவரவில்லை என்று மனு திரும்பி வருகிறது. அதிர்ஷ்டத்துக்குக் கூட்டிய எழுத்து சொந்தப் பணத்துக்கு முட்டுக்கட்டை ஆகிவிடுகிறது!

எந்தப் பெயர் நல்ல பெயர்?

குலதெய்வத்தின் பெயரை வைக்கக் கூடாது என்று கம்யூனிஸ்டுகள் சொல்வதாக ஒரு புரளி உண்டு. அது பொய். தோழர் ஜீவானந்தத்துக்கு வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. அது குலதெய்வமான அய்யனாரின் பெயர். மாடசாமி, இருளாயி, பேச்சியம்மாள் என்ற பெயர்களுக்கும் குறைவில்லை. மாரி என்றால் மழை. மானாவாரி நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு அதைவிட இனிய சொல் எது?

பூவும் மரமும் நதியும் எவனுடைய பட்டாவிலும் இல்லை. மேற்கு மலை அடியில் செண்பகத்தோப்பு இருக்கிறது. செண்பகம் என்று பெயர் வைக்கலாம். முல்லை, தாமரை, வைகை, முகிலன் என்று வைக்கலாம். கோதை என்றால் பூமாலை. துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்ததாகச் சொல்லும் பெயர் அது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையைப் படித்து வானதி, பூங்குழலி என்று பெயர் வைத்தவர்கள் உண்டு, அதுவும் நல்லதே. ஜாதிப் பட்டத்தை மட்டும் வாலாக ஒட்டாதீர்கள். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடே அதை விடச் சொல்லிவிட்டது.

பெயர் வீட்டுப் பாட்டியின் வாயில் நுழைய வேண்டும். அர்த்தம் என்னவென்று பிள்ளை கேட்டால் தாய் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம்.

செய்ய வேண்டியது

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆதாரம். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். தோழர்கள் கூட வருவார்கள்.

நல்ல பெயர் வைத்தபின் அந்தப் பெயரை முழுதாக, மரியாதையோடு கூப்பிட வைப்பது அடுத்த வேலை. மில்லிலும் வயலிலும் "ஏலே" என்று கூப்பிட்டால், "எங்களுக்குப் பெயர் இருக்கிறது" என்று ஒரே குரலில் சொல்லுங்கள். தனி ஒருவனாகச் சொன்னால் அவனுக்கு வேலை போகும். சங்கமாக நின்று சொன்னால் மேஸ்திரிக்கும் பெயர் ஞாபகம் வரும்!