களக்காட்டு அக்காவின் மாடி ரூம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"நீங்க பம்பாய்க்குப் போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க"ன்னு செயலாளர் சொன்னாங்க. ஊர் சுத்திப் பார்த்த கதைன்னு நினைச்சிருப்பாங்க போல. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு நாங்க போகவே இல்லை. கடலைக்கூடப் பார்க்கலை. நாலு நாளும் தாராவியிலதான் இருந்தோம்.

கல்யாணமாகி 1986ல நான் அங்க போனேன். 2001ல மாமனாருக்கு முடியாமப் போகவும் ஊருக்குத் திரும்பிட்டோம். நடுவுல பதினஞ்சு வருஷம். என் ரெண்டு பிள்ளைகளும் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில. நம்ம திருநெல்வேலிச் சீமைக்கும் தாராவிக்கும் நூறு வருஷத்துக்கும் மேலான தொடர்பு உண்டு. தோல் பதனிடுற வேலைக்குப் போனவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சொந்தக்காரங்களை அழைச்சுக்கிட்டுப் போய்க் குடியேறின இடம் அது. இந்த அரங்கத்துல கையைத் தூக்கச் சொன்னா, அங்க அண்ணனோ சித்தப்பாவோ இருக்கிறவங்க பத்துப் பேராவது தேறுவாங்க. தொண்ணூறு அடி ரோட்டுல தை மாசம் பொம்பளைங்க வரிசையா அடுப்பு வச்சுப் பொங்கல் விடுறதைப் பார்த்தா நம்ம ஊர்க் கோயில் கொடைதான் நினைப்புக்கு வரும்.

சினிமாவுல காட்டுற தாராவி சாக்கடையும் ரௌடியும்தான். சாக்கடை இருந்தது உண்மை. பத்துக்குப் பன்னிரண்டு ரூம்ல ஏழு பேர் படுத்தோம், அதுவும் உண்மை. விடியக்காலம் குழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடியே குடம் வரிசையில நிக்கணும். கக்கூசுக்குத் தனி வரிசை. ஆனா அந்தக் கல்லியில சும்மா இருந்த கை ஒண்ணுகூட கிடையாது. ஒரு வீட்டுல இட்லி, ஒரு வீட்டுல அப்பளம் உருட்டிக் கூடையைக் கவுத்துப் போட்டு அதுமேல காயவைப்பாங்க, ஒரு வீட்டுல தோல் பைக்கு ஜிப் தைப்பாங்க. கும்பார்வாடாப் பக்கம் போனா சௌராஷ்டிரத்துல இருந்து வந்த குயவர்கள் சூளை போட்டிருப்பாங்க, கண்ணு எரியும். வேலை இல்லைன்னு நான் அங்க ஒருநாளும் கேட்டதில்லை. கூலி போதலைங்கிற பேச்சைக் கேட்காத நாளும் இல்லை.

எங்க கல்லியில ஒரு பிசி ஓடிக்கிட்டிருந்தது. நம்ம ஊர்ல சீட்டுங்கிறதை அங்க பிசின்னு சொல்லுவாங்க. இருபது பேர், ஆளுக்கு மாசம் 200 ரூபா, குலுக்கல்ல பேர் வந்தவங்களுக்கு 4,000. தருமபுரி மாவட்டத்துல 1989ல நம்ம தமிழ்நாட்டோட முதல் மகளிர் குழுக்களைத் தொடங்கினாங்கன்னு பயிற்சியில நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க இல்லையா, அந்த நேரத்துல நாங்க அங்க இந்தப் பிசியைப் போட்டுக்கிட்டிருந்தோம். பேங்க் கணக்கோ பதிவேடோ கிடையாது. ஒரு நோட்டும் வாய்ச்சொல்லும்தான். கணக்கு எழுதினது நான்.

அந்த நகரத்துப் பொம்பளைங்க சேர்ந்து செய்ததைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். நம்ம கடைகள்லயும் விக்கிற லிஜ்ஜத் அப்பளம் 1959ல கிர்காம்ல ஒரு கட்டடத்து மொட்டை மாடியில ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி ஆரம்பிச்சது. மில் தொழிலாளிகளுக்குச் சோறு ஆக்கிப்போட்ட பெண்கள் வட்டிக்காரன்கிட்ட இருந்து தப்பிச்சு பேங்க் கடன் வாங்கணும்னு 1975ல பிரேமா புரவ் அம்மா அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினாங்க. பைகுல்லாவுல நடைபாதையில குடியிருந்த பெண்கள் 1986ல மகிளா மிலன்னு சேர்ந்து சேமிப்புப் போட்டாங்க. நமக்கு எத்தனை அடியில வீடு வேணும்னு புடவையை அளவுகோலா வச்சு அவங்களே அளந்து பார்த்தாங்களாம். அவங்களுக்குத் துணையா நின்ன ஜோக்கின் அற்புதம் ஐயா கோலார் தங்கவயல்ல பிறந்த தமிழர், 2000த்துல மகசேசே விருது வாங்கினவர். இதுல முக்கால்வாசி ஊருக்கு வந்து குழுவுல சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அங்க இருந்தப்போ கண்ணுக்கு முன்னாடி இருந்தது தண்ணிக் குழாய் மட்டும்தான்.

சரி, போன காரியத்துக்கு வர்றேன்.

எங்க பிசியில இருந்தவங்கள்ல பாதிப் பேர் ஊருக்கு வந்துட்டாங்க. அங்கேயே இருந்துட்டவங்கள்ல ஒருத்தி களக்காட்டு அக்கா. மாப்பிள்ளை தவறிட்டார். ஒரு பையன், கல்யாணமாகி நாலாசோப்பாராவுல இருக்கான். அக்கா இட்லி போடுறா. ராத்திரி மாவு ஆட்டி, விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பைப் பத்தவச்சு, ஆறு மணிக்குள்ள 600 இட்லி அவிச்சிடுவா. சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு விக்கிற பையன்கள் வந்து எடுத்துக்கிட்டு மாகிம், பாந்த்ரா, குர்லான்னு பிரிஞ்சு போவாங்க.

தாராவியை இடிச்சு அடுக்குமாடி கட்டப்போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நான் இருந்த காலத்துலயே அந்தப் பேச்சு உண்டு, யாரும் நம்பினதில்லை. இப்ப நம்பியாகணும். 2024 மார்ச்சுல வீடு வீடா கணக்கெடுப்பு தொடங்கிட்டாங்க. விதி இதுதான்: 2000 ஜனவரி 1க்கு முன்னாடியே இருந்த தரைத்தள வீட்டுக்காரங்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதுக்குப் பிறகு 2011 வரைக்கும் வந்தவங்களுக்குத் தாராவிக்கு வெளிய 300 சதுர அடி, ரெண்டரை லட்சம் கட்டணும். மாடியில குடியிருக்கிறவங்களுக்கும் வெளியதான், வாடகை கட்டிக் கட்டிப் பிறகு சொந்தமாக்கிக்கிற முறையில.

அக்கா இருக்கிறது மாடி. 1996ல வாங்கினது. முன்பணத்துல 4,000 எங்க பிசிப் பணம், நான் எண்ணிக் கொடுத்தது. இரும்பு ஏணியில ஏறிப் போகணும், மழைக்காலத்துல வழுக்கும். முப்பது வருஷமா அந்த ஏணியில மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்குறா. ஆனா விதிப்படி அவ மாடிக்காரி. கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தாராவிக்குள்ள வீடு, நேர்மேல இருக்கிறவளுக்கு எங்கேயோ.

"கல்லி இருக்கும்போதே ஒருதடவை வந்துட்டுப் போங்க, எனக்கும் யோசனை கேக்க ஆள் இல்லை"ன்னு போன்ல சொன்னா. மைனியும் ராதாபுரத்துக்காரியும் நானும் கிளம்பினோம். மைனிக்கு எழுபது ஆகுது, மூட்டுவலி. "நான் செத்தா தாராவியைப் பார்க்காமப் போயிருவேனே"ன்னு சொல்லிச் சொல்லியே அவங்க மகனைச் சம்மதிக்க வச்சுட்டாங்க.

சயான்ல இறங்கி நடந்தோம். தாராவிங்கிற பேர்லயே பூமிக்கடியில மெட்ரோ ஸ்டேஷன் வந்திருக்கு. மித்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் நாங்க இருந்தப்போ சதுப்பா கிடந்த இடத்துல இப்ப கண்ணாடிக் கட்டடமா நிக்குது. இந்தப் பக்கம் ரெண்டு ரயில் பாதைக்கு நடுவுல தாராவி. இந்த மண்ணு மேல ஏன் இத்தனை பேருக்குக் கண்ணுன்னு அங்க நின்னு பார்த்தா யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். கல்லிக்குள்ள நுழைஞ்சதும் மைனி பேசாம நின்னுட்டாங்க. வாசல் எல்லாம் மாடிக்கு மேல மாடியா உயர்ந்து வெளிச்சமே இல்லை. குழாய் இருந்த இடத்துல ஒரு மொபைல் ரிப்பேர்க் கடை. மைனி அந்தக் கடைக்காரப் பையன்கிட்ட மராத்தியில, "இங்கதான் நான் உங்க ஆத்தாகூடச் சண்டை போட்டேன்"னு சொன்னாங்க. அவன் ஆத்தா யாருன்னே மைனிக்குத் தெரியாது. அவன் ஸ்டூலை எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னான்.

முதல் ராத்திரி முழுக்கச் சிரிப்பும் பழங்கதையும்தான். 1992 டிசம்பர்ல ஊரடங்கு போட்டிருந்தப்போ பால் இல்லாத என் பிள்ளைக்கு எதிர்கல்லி பாய் வீட்டு அம்மா சுவர் இடுக்கு வழியா டம்ளர் நீட்டினதை ராதாபுரத்துக்காரி நினைவுபடுத்தினா. அந்தக் குடும்பம் இப்ப அங்க இல்லை.

ரெண்டாம் நாள் சண்டை ஆரம்பிச்சுது. மைனி, "போதும்டி, ஊருக்கு வந்துரு. களக்காட்டுல அண்ணன் வீடு இருக்கு"ன்னாங்க. ராதாபுரத்துக்காரி, "முப்பது வருஷம் இருந்துட்டு எதுக்குப் போகணும்? எடத்தை விட்டு நகராதே"ன்னா. பையன் போன்ல, "வெளிய கொடுக்குற வீட்டை வாங்கிக்கம்மா, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கும்"ங்கிறான். அதையும் தப்புன்னு சொல்ல முடியாது. அறுபது வயசுல ராத்திரி எழுந்து ஏணியில இறங்கிப் போறவளுக்கு அது சின்ன விஷயமா?

நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு நோட்டு வாங்கிட்டு வரச் சொல்லி, நம்ம குழுவுல கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி எழுதுவோமே, அந்த மாதிரி வரவு செலவு எழுதினேன். 600 இட்லி, சைக்கிள்காரங்களுக்கு ஒண்ணு 4 ரூபான்னு 2,400. அரிசி, உளுந்து, கேஸ், சட்னிச் சாமான், உதவிக்கு வர்ற பொண்ணுக்குக் கூலி எல்லாம் சேர்த்து 1,700. கையில நிக்கிறது 700. மாசத்துல 25 நாள் போட்டா 17,500. வாடகை கிடையாது. இப்ப வெளிய போனா என்ன ஆகும்? புது வீட்டுக்கு மாசத் தவணை, லிஃப்ட்டுக்கும் தண்ணிக்கும் பராமரிப்புப் பணம். அதைவிட முக்கியம், விடியக்காலம் அஞ்சு மணிக்குச் சைக்கிள்காரன் அங்க வருவானா? ஏழாவது மாடியில 600 இட்லி அவிக்க விடுவாங்களா? வரவுப் பக்கத்துல எழுத ஒண்ணும் இல்லை. அக்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தா. "நான் வீட்டைத்தானே நினைச்சுக்கிட்டிருந்தேன். அடுப்பை நினைக்கலையே"ன்னா.

ஊருக்கு வந்தா என்னன்னும் எழுதினோம். களக்காட்டுல இட்லி வாங்கித் திங்கிறவங்க எத்தனை பேர், எல்லா வீட்டுலயும் மாவு இருக்கு. மைனி அதுக்கப்புறம் ஊருக்கு வாங்கிற பேச்சை எடுக்கலை.

மூணாம் நாள் அந்தக் கல்லியில மாடியில இருக்கிற பொம்பளைங்களைக் கூப்பிட்டோம். பதினோரு பேர் வந்தாங்க. தமிழ், மராத்தி, உ.பி.க்காரங்க ரெண்டு பேர். எல்லாருமே வீட்டுலயே ஏதாவது தொழில் செய்றவங்க. ஆளாளுக்குத் தனித்தனியா ஆபீஸுக்கு அலைஞ்சிருக்காங்க, ஒருத்தர்கிட்டயும் கொடுத்த மனுவுக்கு அத்தாட்சி இல்லை. வாயால சொல்லிட்டு வந்திருக்காங்க, இல்லைன்னா ஒரிஜினல் ரேஷன் கார்டையே கொடுத்துட்டு வந்திருக்காங்க. இங்க நம்ம கூட்டமைப்புல நாம சலிச்சுக்கிறோமே, தீர்மானம் எழுது, கையெழுத்து வாங்கு, நகல் எடு, சீல் போட்டு வாங்குன்னு, அதைத்தான் அங்க செஞ்சோம். ராதாபுரத்துக்காரிக்கு மராத்தி எழுத வரும். மாடியில இருக்கிறவங்களுக்கும் எந்த வருஷத்துல இருந்து குடியிருக்காங்கன்னு பார்த்துத் தாராவிக்குள்ளேயே இடம் வேணும், தொழில் செய்யப் பொது இடம் வேணும்னு ரெண்டே கோரிக்கை. பழைய வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூடச் சர்டிபிகேட், கரண்ட் பில்லுன்னு ஒவ்வொருத்தர் பேர்லயும் தனிக் கவர். கரண்ட் பில் அநேகமா எல்லாமே கீழ்வீட்டுக்காரர் பேர்ல அல்லது புருஷன் பேர்ல. பதினோரு பேர்ல தன் சொந்தப் பேர்ல காகிதம் வச்சிருந்தது மூணே பேர். கேக்குறவங்க ராத்திரி வீட்டுக்குப் போய் உங்க வீட்டுத் தீர்வை ரசீது யார் பேர்ல இருக்குன்னு எடுத்துப் பாருங்க.

நாலாம் நாள் காலையில பதினோரு பேரும் சேர்ந்து போனாங்க. நாங்க கேட்டுக்கு வெளிய நின்னோம். மைனியை ஒரு டீக்கடைக்காரர் உக்கார வச்சார். ரெண்டு மணி நேரம் கழிச்சு அக்கா நகல்ல சீல் வாங்கிட்டு வந்தா. அதைக் கையில பிடிச்சிருந்த விதத்தைப் பார்த்தா, 1996ல பிசிப் பணத்தைப் பிடிச்சிருந்தது அப்படியே எனக்குத் தெரிஞ்சுது.

அன்னிக்குச் சாயங்காலமே ரயில். வழிக்கு நாற்பது இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்தா. குண்டக்கல் வரைக்கும் வந்துச்சு.

மனுவுக்கு இன்னும் பதில் வரலை. பதினோரு பேரும் வாரம் வெள்ளிக்கிழமை கூடுறாங்க, ஆளுக்கு 50 ரூபா சேமிப்பும் தொடங்கியிருக்காங்க. போக்குவரத்துக்கும் வக்கீல் செலவுக்கும்னு வச்சிருக்காங்களாம். நோட்டு எப்படிப் போடணும்னு கேட்டு அக்கா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றா. சித்திரையில கோயில் கொடைக்கு ஊருக்கு வர்றா. அன்னிக்கு நம்ம கூட்டமைப்பு ஆபீஸுக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன், பதிவேடு எழுதுற தங்கச்சிமார் ரெண்டு பேர் கட்டாயம் இருக்கணும்.