அளந்து எழுதும் கை

(வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வழிகாட்டல் வகுப்பு என்றாலே பொறியியல், மருத்துவம், கலைக் கல்லூரி என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். தென்சென்னைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ அம்மாவோ கிண்டிப் பக்கத்துப் பட்டறைகளில் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பட்டறைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இன்று அதைப் பேசுவோம்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. இடமும் மின்சாரமும் கொடுத்தால் மட்டும் சிறுதொழில் நிலைத்துவிடாது; தொழிலைச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். அதற்கான நிறுவனங்களும் நம் பகுதியிலேயே இருக்கின்றன. தோலுக்கு அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். காலணிக்கு 1957 முதல் கிண்டியில் பயிற்சி நிறுவனம். பிளாஸ்டிக்கிற்கு 1968 முதல் சிப்பெட். எல்லாச் சிறுதொழிலுக்கும் பொதுவாக மத்திய அரசின் சிறுதொழில் அலுவலகம், அதுவும் கிண்டியில்தான்.

இவர்கள் தரும் உதவி எப்படிப்பட்டது? தோலையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் பதனிடும்போது, போடுகிற குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும். மீதி கழிவுநீரில் போய்விடும். முதலாளிக்கு நட்டம், ஆற்றுக்குக் கேடு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது நினைவிருக்கும். வீணாகும் குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவது, தண்ணீர் சேர்க்காமல் பதனிடுவது என்று அடையாறு நிறுவனம் பல வழிகளைக் கொடுத்தது. ஆனால் எந்த வழியானாலும் தோலின் எடை, ரசாயனத்தின் அளவு, பி.எச். மதிப்பு எல்லாவற்றையும் அளந்து குறிக்க வேண்டும். "ஒரு கை அள்ளிப் போடு" என்பது அங்கே செல்லாது.

பட்டறைகளுக்கும் இதே கதைதான். வீண் செலவைக் குறைக்க 2023-இல் மத்திய அரசு புதுப்பித்த 'லீன்' திட்டத்தில், பட்டறைக்கே வந்து வழிகாட்டும் ஆலோசகரின் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. வருகிற ஆலோசகர் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. நேற்று எத்தனை உருப்படி செய்தீர்கள்? எத்தனை கழிந்தது? இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நின்றது? பதில் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகம் இல்லையென்றால், முதல் பாடமே அந்த நோட்டுதான்.

1950-இல் டெமிங் ஜப்பானியருக்குக் கற்பித்ததன் அடிப்படையும் அளவீடுதான். அவர் பெயரிலான விருதை 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது சென்னையின் சுந்தரம் கிளேட்டன். இப்படித் தரம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள், தங்களுக்கு உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகளிடமும் அளவுப் பதிவேட்டைக் கேட்கும். அதைத் தர முடியாத பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் நம் பிள்ளைகளின் வீட்டுக்கு வரும் சம்பளமும் போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்? ஒன்பதாம் வகுப்பு 'அளவீடு' பாடத்தில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் வருகின்றன. படம் வரைந்து மீச்சிற்றளவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். ஒரே பேனாவை ஐந்து பிள்ளைகள் அளக்கட்டும். விடைகள் வேறுபடும். ஐந்தையும் பலகையில் எழுதுங்கள். சராசரி என்ன, அதிகத்துக்கும் குறைவுக்கும் இடைவெளி எவ்வளவு, ஏன் வேறுபட்டது என்று அவர்களே பேசட்டும். தரக் கட்டுப்பாட்டின் முதல் பாடம் அதுதான்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் குறித்து, வேலை முடிந்ததும் அங்கேயே வைக்கப் பழக்குங்கள். ஜப்பானியரின் '5 எஸ்' முறையிலும் இது ஒரு படி. சுவரில் அட்டை மாட்டுவதோடு அது நின்றுவிடக் கூடாது. அட்டை மட்டும் தொங்கும் அறைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்!

ஐ.டி.ஐ.க்கோ தொழில் பழகுநராகவோ போக விரும்பும் பிள்ளையிடம், "மார்க் இல்லாததால் அங்கே போகிறாய்" என்ற தொனி நம் பேச்சில் வேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்குப் பட்டறை வைத்திருப்பவர் வந்தால், கிண்டி அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாசலிலேயே இருக்கும் உதவி தெரியாமல் கடையை மூடக் கூடாது.

ஆலோசகர் சில மாதங்கள் வருவார், போய்விடுவார். அளந்து எழுதும் பழக்கமுள்ள ஒரு பிள்ளை அங்கே வேலைக்குப் போனால், அந்தப் பழக்கம் பட்டறையிலேயே தங்கும். அப்படிப்பட்ட பிள்ளையை அனுப்புவது நம் கையில்தான் இருக்கிறது.