மருந்து அறைக்குள் ஓர் அரசமைப்பு



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றி விசாரித்தால் முதலில் காதில் விழுவது ஓர் ஊர்ப் பெயர். ‘அது நாக்பூர் லைசென்ஸ்’ என்பார்கள்; ‘இது சென்னை லைசென்ஸ்’ என்பார்கள்; சின்ன ஆலை என்றால் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி 15 கிலோ வெடிபொருள் வரை உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம், அதாவது டி.ஆர்.ஓ. என்னும் மாவட்ட வருவாய் அலுவலர். 500 கிலோ வரை சென்னையில் உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி. அதற்கு மேல் போனால் நாக்பூரில் இருக்கும் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி.

அமெரிக்க அரசமைப்பின் அடித்தளங்களைப் பேச வந்த கருத்தரங்கில் இந்த லைசென்ஸ் கதை எதற்கு என்று கேட்கலாம். 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடிய 55 பிரதிநிதிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஏறத்தாழ நான்கு மாதம் வாதாடியது இதைப் பற்றித்தான்: எந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், அது எந்த எல்லையில் நிற்க வேண்டும். அந்தக் கேள்வியை நூலகத்தில் படிப்பவரைவிட, இந்த மூன்று அதிகாரங்களில் ஒன்றின் அனுமதிக்கு உட்பட்டு வெடிமருந்து கலக்கும் மனிதர் நன்றாக அறிவார்.

பட்டாசும் அந்தக் குடியரசும் பிறந்த நாளிலிருந்தே உறவு. விடுதலைக்கு வாக்களித்த மறுநாள், 1776 ஜூலை 3 அன்று, ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் வாக்களிப்பு நடந்த அந்த நாளை வருங்காலத் தலைமுறைகள் ஒளிவிளக்கும் கொண்டாட்டமுமாக நினைவுகூர வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே பிலடெல்பியா வானில் வாணங்கள் ஏறின. இன்று அங்கே ஒரு வாணம் மேலே போவதற்கும் அதிகாரப் பங்கீடு உண்டு. பெரிய வாணவேடிக்கைக்குரிய வெடிகளுக்கு உரிமம் தருவது ஒரு கூட்டரசு அமைப்பு. வீட்டில் வெடிக்கும் பட்டாசில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று சொல்வது இன்னொரு கூட்டரசு ஆணையம். மக்கள் அதை வாங்கலாமா கூடாதா என்பதோ மாநிலத்தின் பாடு; மாசசூசெட்ஸ் மாநிலம் அடியோடு தடை செய்திருக்கிறது. கூட்டரசிடம் ஒப்படைக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791இல் சேர்த்த பத்தாவது திருத்தம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்தியாவில் அந்தப் பங்கீடு அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பட்டியலாக இருக்கிறது. வெடிபொருள் ஒன்றியப் பட்டியலில் ஐந்தாவது இனம். தொழிற்சாலை பொதுப் பட்டியல். பொதுச் சுகாதாரமும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியல். ஆக, ஒரே சுற்றுச்சுவருக்குள் வெடிபொருள் அதிகாரி ஒரு பக்கம், மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் ஒரு பக்கம், வருவாய்த்துறை, காவல்துறை, தீயணைப்புத்துறை வேறு. அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள், எவரும் மிஞ்ச முடியாது என்று ஜேம்ஸ் மாடிசன் 1788இல் வாதிட்டார். மிஞ்சுவதைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஒருவர் செய்யாமல் விட்ட வேலைக்கு யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் விடை இல்லை என்பதே இவ்வுரையின் கவலை.

முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 2012 செப்டம்பர் 5 அன்று நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர். விபத்து நடக்கும்தோறும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: அறைக்கு நாலு பேர் என்ற விதி மீறப்பட்டது, உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள், மரத்தடியில் வைத்து வேலை நடந்தது. விதி இருந்திருக்கிறது. அதிகாரிகளும் பல துறைகளில் இருந்திருக்கிறார்கள்.

குழந்தைத் தொழிலாளர் வரலாறு அதிகாரப் பங்கீட்டின் இந்தக் குறையை இன்னும் கூர்மையாகக் காட்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 1916இல் ஒரு சட்டம் போட்டது: சிறுவர்களை வைத்து உற்பத்தி செய்த சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. வட கரோலினாவில் பஞ்சாலை ஒன்றில் வேலை செய்த இரு சிறுவர்களின் தகப்பனார் டேகன்ஹார்ட் பெயரில் அதை எதிர்த்து வழக்கு வந்தது. பிள்ளைகளின் கூலி போய்விடும் என்பது குறை. 1918இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. உற்பத்தி மாநிலத்தின் விவகாரம், கூட்டரசு அதில் கை வைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வழக்கில் ‘வென்ற’ சிறுவன் ரூபன் வளர்ந்த பிறகு ஒரு பத்திரிகையாளரிடம் பேசினான். அப்போது அவனுக்கு வயது இருபது, எடை 105 பவுண்டு. படிப்புப் போனதுதான் அவன் சொன்ன குறை. 1924இல் நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்த முயன்றது. தேவையான 36 மாநிலங்களில் 28தான் ஒப்புதல் தந்தன. அந்தத் திருத்தம் இன்றுவரை நிறைவேறவில்லை. 1938இல் வந்த தொழிலாளர் நியாயத் தர நிர்ணயச் சட்டமும், அதை உறுதிசெய்த 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பும்தான் கதவைத் திறந்தன.

இந்தியா அந்தத் தாமதத்தைத் தவிர்க்க விரும்பியது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று அதன் அரசமைப்பின் 24ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. அதை ஏற்ற அரசியல் நிர்ணய சபையில் விருதுநகரின் காமராஜரும் ஓர் உறுப்பினர். 

அவ்வளவு தெளிவான பிரிவு இருந்தும் என்ன நடந்தது? தீப்பெட்டி ஆலைகளுக்குக் குழந்தைகளை விடியுமுன் வண்டியில் ஏற்றிப் போன காலத்தை இந்தப் பகுதியின் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 36 ஆண்டு கழித்து, 1986இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தமிழ்நாட்டு அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10 தீர்ப்பு, அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. பெரியவர் ஒருவருக்கு வேலை, முடியாவிட்டால் அரசின் பங்காக 5,000 ரூபாய் என்றும் சொன்னது. அங்கே அரசமைப்பில் வாசகமே இல்லாமல் ஒரு சட்டம் வேலை செய்தது. இங்கே வாசகம் இருந்தும் வழக்கு தேவைப்பட்டது. அரசமைப்பைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்து நடத்த வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் வழக்கைப் போலவே உச்ச நீதிமன்றத்துக்குப் போன பட்டாசு எதிர்ப்பு வழக்கின் வேரும் ஓர் அமெரிக்க உரையாடலில் இருக்கிறது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைக் கண்டார். ‘உரிய சட்டமுறை’ என்ற வாசகத்தை வைத்தால் நீதிபதிகள் சட்டமன்றத்தின் மேல் ஏறிவிடுவார்கள் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். அதனால்தான் உயிர்வாழும் உரிமையைக் காக்கும் 21ஆம் பிரிவில் ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்று எழுதப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, அந்த நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று பொருளை விரித்தது. பிறகு தூய காற்றும் உயிர்வாழும் உரிமைக்குள் வந்தது.

2015இல் டெல்லியில் கைக்குழந்தைகள் மூவர் பெயரில், அவர்களின் தந்தையர் வழியாக, அந்த 21ஆம் பிரிவின் கீழ் பட்டாசை எதிர்த்து வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எதிர்ப்பக்கத்தில் தொழில் செய்யும் உரிமை, 19ஆம் பிரிவு. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே வேண்டும் என்றது. தீபாவளி இரவு எட்டு முதல் பத்து வரைதான் வெடி என்றது. தமிழ்நாட்டின் தீபாவளியோ விடியலில் எண்ணெய்க் குளியலோடு தொடங்குவது. மாநிலம் முறையிட்டது. ஒரு வாரத்தில் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று தமிழ்நாடு வைத்துக்கொண்டது. கூட்டாட்சி என்பதற்கு மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அமெரிக்க நீதிமன்றமாக இருந்தால் இந்த வழக்கு இப்படி நடந்திருக்காது. அங்கே தனக்கு நேர்ந்த பாதிப்பை வழக்காளி நிறுவ வேண்டும். கீழ் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவாக வேண்டும். வெடிக்கும் நேரத்தை நீதிபதி குறிப்பது வழக்கமில்லை. இந்தியாவின் திறந்த கதவு ஏழைக்கும் குழந்தைக்கும் பயன்பட்டிருக்கிறது. அதைச் சாத்தச் சொல்வது இவ்வுரையின் நோக்கம் அல்ல. அந்தக் கதவு டெல்லியில் இருக்கிறது என்பதே குறை. உற்பத்தியாளர் சங்கங்கள் அங்கே போய் வாதாடின. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது கூலி இழந்து வீட்டிலிருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த நடைமுறையில் தனி வழி இல்லை.

அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று இந்த இடத்தில் இருக்கிறது. 1946இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம், ஒரு துறை விதி செய்யுமுன் வரைவை வெளியிட வேண்டும், யாரும் கருத்து எழுதலாம், வந்த முக்கியக் கருத்துகளுக்குத் துறை பதில் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திலும் பதினெட்டாம் பிரிவு, பாதிக்கப்படக்கூடியவர்கள் அறிய வரைவை முன்கூட்டி வெளியிடக் கட்டளையிடுகிறது. வெளியாவது இந்திய அரசிதழில். அரசிதழின் மொழி இந்தியும் ஆங்கிலமும். மணிமருந்து அறையில் உட்காரும் ஒரு வெம்பக்கோட்டைப் பெண் எந்த மொழியில் ஆட்சேபணை எழுதுவாள்?

ஆகவே இக்கருத்தரங்கு ஒரு கோரிக்கையை முன்வைக்க வேண்டும்: வெடிபொருள் விதிகளில் இனி வரும் எந்தத் திருத்தமும் வரைவு நிலையிலேயே தமிழில் சிவகாசிக்கு வரட்டும், ஊராட்சி அலுவலகத்திலும் ஆலை வாசலிலும் ஒட்டப்படட்டும், தமிழில் எழுதும் ஆட்சேபணையும் கணக்கில் ஏறட்டும். இன்று பிற்பகல் அமர்வில் 2008 விதிகளின் சில பகுதிகள் தமிழில் வாசிக்கப்படும். போர்மேன்களும் மருந்து செலுத்தும் தொழிலாளர்களும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். கேள்வி எழுப்பும் முதல் முறை அவர்களுடையது, பேராசிரியர்களின் முறை அதன்பின் வரும்.