ரெண்டு சென்டிமீட்டர்: ஸ்கீயில ஓட்டை போடறதுக்கு முன்னாடி

இன்னைக்கு ஓட்டைகளைப் பத்திப் பேசப் போறேன். புத்தம் புது ஸ்கீ ஒண்ணு வாங்கி, நானே கேட்டு, தப்பான இடத்துல போட்டுக்கிட்ட ஓட்டைகள்.

பழக்கமில்லாதவங்களுக்காக முதல்ல ஒரு நிமிஷம். பனியில சறுக்கறதுக்குக் கால்ல மாட்டற நீளமான பலகைதான் ஸ்கீ. பூட்டை அந்தப் பலகையோட பிடிச்சு வெச்சு, நாம விழும்போது கால் முறியாம கழட்டி விடற பாகத்துக்குப் பேரு பைண்டிங். குல்மார்க் போய் வாடகைக்கு எடுத்திருந்தீங்கன்னா, கடைக்காரர் அதை முன்னாடி பின்னாடி தள்ளி உங்க பூட் அளவுக்கு வெச்சுக் கொடுத்திருப்பார். ஆனா சொந்தமா வாங்கற ஸ்கீ நிறைய, பைண்டிங் இல்லாம மொட்டையாத்தான் வரும். பலகையில ட்ரில் பண்ணி, ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். எந்த இடத்துல? அதுதான் கேள்வி.

பூட்டோட பக்கவாட்டுல, அடிப்பாகத்தோட நடுவைக் காட்டற ஒரு சின்னக் கோடு இருக்கும். ஸ்கீ மேலயும் தயாரிச்சவங்க ஒரு கோடு போட்டிருப்பாங்க. ரெண்டையும் நேருக்கு நேரா வெச்சா, அதுதான் அவங்க சொல்ற இடம். இந்தக் கோடு பொதுவா பலகையோட நட்டநடுவுல இருக்காது, கொஞ்சம் பின்னாடி தள்ளி இருக்கும். என்னோடது 184 செ.மீ. ஸ்கீ. நடுவுலேர்ந்து 9 செ.மீ. பின்னாடி கோடு.

ஏன் பின்னாடி? ஆழமான பனியில முன்முனை மேல மிதக்கணும். அதுக்கு உங்களுக்கு முன்னாடி நிறையப் பலகை வேணும். வேகமா நேராப் போகும்போதும் அந்த நீளம் நிதானம் கொடுக்கும். அதே சமயம் குட்டிக்கரணம் அடிக்கறவங்க, காத்துல சுத்தி இறங்கி பின்பக்கமாவே சறுக்கறவங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் பலகை ஏறக்குறைய சமமா இருக்கணும். 1998-ல சாலமன் நிறுவனம் டென் எய்ட்டின்னு ஒரு ஸ்கீ கொண்டு வந்தது. ரெண்டு முனையும் மேல வளைஞ்சிருக்கும். அது உருவானதுல மைக் டக்ளஸ் மாதிரி கனடா வீரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வகை ஸ்கீ பரவினப்போ, பைண்டிங்கை நடுவுக்குப் பக்கத்துல கொண்டு வர்ற பழக்கமும் சேர்ந்து பரவிச்சு.

சரி, என் கதைக்கு வரேன். சியாட்டில்ல எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "பின்னாடி சாயறே." சரிவைப் பார்த்த பயத்துல உடம்பு தானா பின்னாடி போயிடும். நான் என்ன கணக்குப் போட்டேன்? பைண்டிங்கையே 2 செ.மீ. முன்னாடி வெச்சுட்டா நானும் முன்னாடி வந்துடுவேன்ல! எஞ்சினியர் மூளை. ஆளை மாத்தறதுக்குப் பதிலா கான்ஃபிகரேஷனை மாத்தறது.

கடையில ட்ரில் பண்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்?" திருப்பம் சுலபமா இருக்கும்னு படிச்சேன்னு சொன்னேன். அது பொய்யும் இல்லை. முன்னாடி நகர்த்தினா ஸ்கீ நிஜமாவே லேசாத் திரும்பும். அவர் தோளைக் குலுக்கிட்டு நான் கேட்ட மாதிரியே போட்டுக் கொடுத்தார்.

முதல் ரெண்டு நாள், அழுத்திச் சமப்படுத்தின பனியில, அருமையா இருந்தது. மூணாவது நாள் இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. இந்தப் பக்கத்துப் பனி ஈரமா, கனமா இருக்கும். கேஸ்கேட் கான்க்ரீட்னே கேலியா சொல்வாங்க. அதுக்குள்ள என் முன்முனை ரெண்டும் மூழ்க ஆரம்பிச்சது. மூழ்காம இருக்க நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பின்னாடி சாய்ஞ்சேன். எதைச் சரி பண்ண ஓட்டை போட்டேனோ, அதையே இன்னும் அதிகமாச் செஞ்சேன். மதியத்துக்குள்ள தொடை ரெண்டும் எரியுது. கடைசில இடது முனை உள்ள போய் நின்னுடுச்சு, நான் நிக்கலை. பைண்டிங் ஒழுங்காக் கழண்டுச்சு, அதனால எலும்பு தப்பிச்சது. முட்டி வீங்கி மூணு வாரம் வீட்டுல உட்கார்ந்திருந்தேன்.

திரும்பக் கடைக்குப் போய், "ஒரு 1 செ.மீ. பின்னாடி நகர்த்துங்க"ன்னேன். முடியாதுன்னார். பழைய ஓட்டைக்கு ரொம்பப் பக்கத்துல புது ஓட்டை போட்டா ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு இருக்காது, வேகத்துல பைண்டிங்கே பிய்ஞ்சு வந்துடலாம். பெரியவங்க ஸ்கீயில அந்த ஓட்டையோட ஆழமே 9 மி.மீ. தான். உள்ள உலோகத் தகடு இல்லாத ஸ்கீன்னா 3.5 மி.மீ. ட்ரில், தகடு இருந்தா 4.1 மி.மீ. அவ்வளவு சின்ன இடத்துல மொத்த உடம்பும் தொங்குது. காகித அச்சை வெச்சுப் பார்த்து, கம்பெனி கோட்டுக்கே போகலாம், அதுக்கு இடைவெளி சரியா இருக்குன்னார். பழைய ஓட்டைகளைப் பசை விட்டு அடைச்சு, கோட்டுல போட்டுக் கொடுத்தார். இங்க அன்டூ பட்டன் கிடையாது. இன்னொரு தடவை மனசு மாறினா இடமே இருக்காது.

கோட்டுல வெச்ச பிறகும் நான் பின்னாடி சாயறது நிக்கலை. அது நின்னது எப்போன்னா, பூட்டோட முன்பக்க நாக்குல கால் எலும்பு எப்பவும் அழுந்தியிருக்கான்னு கவனிச்சு, சுலபமான சரிவுல வாரக்கணக்கா பழகின பிறகு.

அதனால நீங்க முதல் ஸ்கீ வாங்கினா, கம்பெனி கோட்டுல ஆரம்பிங்க. வளைவு, விறைப்பு எல்லாத்தையும் அந்த இடத்தை மனசுல வெச்சுத்தான் வடிவமைச்சிருப்பாங்க. நகர்த்தணும்னு தோணினா, என்ன பனி, என்ன மாதிரி சறுக்கப் போறீங்கன்னு பாருங்க. பின்பக்கமா சறுக்கறது, சுத்தறதுன்னா முன்னாடி. ஆழமான பனின்னா கோடு, இல்லேன்னா ஒரு சென்டிமீட்டர் பின்னாடி. சந்தேகமா இருந்தா, வாடகை ஸ்கீயில வர்ற மாதிரி நகர்ற டெமோ பைண்டிங் போட்டுக்கங்க. கொஞ்சம் கனம் கூடும், ஆனா மலையிலேயே நகர்த்திப் பார்க்கலாம். ட்ரில் பண்றதையும், கழட்டி விடற அளவு வைக்கிறதையும் தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. எடை, உயரம், வயசு, பூட் நீளம், சறுக்கற விதம் எல்லாத்தையும் வெச்சுத்தான் அந்த அளவைக் கணக்குப் போடுவாங்க. அதுல கூச்சப்பட்டுப் பொய் சொல்லாதீங்க.

அந்த ட்ரில்காரர் கேட்ட "ஏன்?"க்கு உண்மையான பதில், "எனக்குப் பயமா இருக்கு." அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா, அவர் ட்ரில்லைக் கீழே வெச்சிருப்பார்னு நினைக்கிறேன்.