தலைமடை நகரமும் கடைமடை ஊர்களும்



காரிமங்கலத்திற்கும் பெங்களூருவுக்கும் இடைப்பட்ட தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேருந்துக்காகப் பையும் கையுமாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், அந்த நகரத்திற்கும் இவ்வட்டாரத்திற்கும் உள்ள உறவு விளங்கும்.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூருவில் தன் மையத்தைத் தொடங்கியது. அதன்பின் கணினித் தொழில் அங்கே பெருகியது. ஓசூர்ச் சாலையை ஒட்டி எலக்ட்ரானிக் சிட்டி எழுந்தது. மழையை நம்பி மானாவாரிப் பயிர் செய்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. அண்ணன் சம்பளத்தில் தங்கை பட்டம் பெற்றாள். தொழில் வளர்ச்சி பெங்களூருவோடு நிற்கவில்லை. 2021இல் போச்சம்பள்ளி அருகே மின்சார ஸ்கூட்டர் ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. பெண்களே இயக்கும் ஆலை என அது அறிவிக்கப்பட்டது. இந்நன்மைகளை மறுப்பது நன்றியாகாது.

ஆனால் சம்பளம் வரும் திசையிலிருந்தே ஆறும் வருகிறது. பெங்களூரு மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். 1974 முதல் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றி அங்கே கொண்டுசெல்லப்படுகிறது. அதில் பயன்படுத்திய பின் எஞ்சும் கழிவுநீரின் ஒரு பெரும்பகுதி கிழக்கே சரிந்து, பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. கண்ணாடி மாளிகைகள் சூழ்ந்த பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றியதை நாடே பார்த்தது. நீர்நிலை எரிந்தது என்றால், அதில் கலந்திருந்தவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் காட்சியும் அதே கதையின் தொடர்ச்சிதான். அந்த நீரே கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர் வழியாகச் சாத்தனூர் நோக்கிச் செல்கிறது.

இதற்குக் கணினி நிறுவனங்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. இலட்சக்கணக்கானோர் குடியேறிய வேகத்திற்குக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் ஈடுகொடுக்கவில்லை. வேலை முதலில் வந்தது. சாக்கடை பிறகு நினைவுக்கு வந்தது.

காரிமங்கலத்திற்கு இது வேற்றூர்ச் செய்தியன்று. எண்ணேகொல்புதூரிலிருந்து தென்பெண்ணை நீரைக் கால்வாய் வழியாகத் தும்பலஹள்ளி அணைக்குக் கொண்டுவரும் திட்டம் உழவர்களின் நெடுநாள் எதிர்பார்ப்பு. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு மிகுதி. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. இத்தகைய மண்ணுக்கு ஆற்றுநீர் பெரும் வரம். அவ்வரம் நுரையோடு வந்தால், ஏரிகள் நிறையும், கிணறுகள் கெடும்.

தீர்வு இல்லாமல் இல்லை. பெங்களூருவின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய் வழியே செல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில், பெள்ளந்தூர் முதலிய ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயை ஒதுக்கிவைக்குமாறு கர்நாடக அரசுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஓரிடத்திற்குச் சுத்திகரித்து அனுப்ப இயலுமாயின், ஆற்றிலும் சுத்திகரித்த நீரையே விட இயலும்.

தலைமடைக்காரன் கடைமடைக்காரனை நினைத்தே மடை திறக்க வேண்டும் என்பது உழவர் அறம். இன்று பெங்களூரு தலைமடை; காரிமங்கலம் கடைமடை. கடைமடைக்காரனுக்கும் கடமை உண்டு. கால்வாயில் நீர் வரும் முன்பே, பருவந்தோறும் அதனை ஆய்ந்து முடிவை ஊரறிய வெளியிட வேண்டும் என்று கிராம சபைகள் தீர்மானம் இயற்றலாம். அங்கே பணியாற்றும் இவ்வூர்ப் பிள்ளைகள் இரண்டு மடைகளையும் அறிந்தவர்கள். தாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கத் தொடங்கட்டும். அந்தக் கேள்விக்கான விடை, அவர்களுடைய பெற்றோரின் வயலில் இருக்கிறது.